ஒளி நகரின் வரலாறு: நுவரெலியாவும் அதனை உருவாக்கியோரும்

ஒரு நகரத்தின் வரலாற்றை அறிய விழைவோர் முதலில் அந்நகரின் தெருப் பெயர்களையும், குளங்களின் பெயர்களையும், பூங்காக்களின் பெயர்களையும் நோக்குவது வழக்கம். நகரை ஆண்டவர் யாவர், நகர் யாரை நினைவில் வைத்திருக்க விரும்பியது என்பவற்றை அப்பெயர்கள் உரைக்கும். ஆனால் நகரை உண்டாக்கியவர் யாவர் என்ற வினாவுக்கு அப்பெயர்கள் எப்போதும் விடையளிப்பதில்லை. மலையகத்தின் உச்சியில் 6,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் அமைந்துள்ள நுவரெலியா நகரம் இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. அந்நகரின் வரலாற்றையும், அதன் பெயர் பெற்ற மாந்தரையும், பெயர் பெறாத மாந்தரையும் பற்றி இன்று சில சொல்ல விரும்புகின்றேன்.

‘நுவர’ என்ற சிங்களச் சொல் நகரைக் குறிக்கும். ‘எலிய’ என்பது ஒளியையும் வெளியையும் குறிக்கும். ஆகவே ஒளி நகர் என்றும், வெட்டவெளி நகர் என்றும் இப்பெயருக்குப் பொருள் கூறுவர். நாற்புறமும் மலைகள் சூழ, வடபால் இலங்கையின் மிக உயர்ந்த சிகரமாகிய பிதுருதலாகலை காவல் நிற்க, நடுவே புல்வெளியாய்ப் பரந்து கிடந்த சமவெளிக்கு இரு பொருளும் பொருந்துவனவே.

ஆங்கிலேயர் எழுதிய நூல்கள் பல இவ்வூரின் வரலாற்றை 1819ஆம் ஆண்டிலிருந்து தொடங்குகின்றன. கண்டி இராச்சியம் 1815இல் வீழ்ந்தபின், படை மருத்துவராயிருந்த ஜோன் டேவி என்பார் உள்நாட்டைச் சுற்றிப் பார்த்து வருங்கால் இச்சமவெளியைக் கண்டு எழுதினார். விஞ்ஞானி ஹம்பிரி டேவியின் உடன்பிறந்தார் இவர். எனினும் இவருக்கு முன் இங்கு மனிதர் இருந்ததில்லை என்று எண்ணுதல் தவறு. பின்னாளில் இங்குக் குடியேறிய சாமுவேல் பேக்கரே, பழைய காலத்தில் மாணிக்கக் கல் தேடித் தோண்டப்பெற்ற குழிகளைத் தாம் கண்டதாக எழுதியுள்ளார். நகருக்கு அணித்தேயுள்ள சீதா எலியவைச் சீதாபிராட்டியுடன் தொடர்புபடுத்தும் மரபும் மக்களிடையே உண்டு. அது வரலாறன்று, நம்பிக்கை. ஆயினும் இவ்விடம் மக்கள் மனத்தில் இடம்பெற்றிருந்தமைக்கு அது சான்று.

1824 முதல் 1831 வரை தேசாதிபதியாயிருந்த சேர் எட்வேட் பான்ஸ் சாலைகள் அமைப்பதில் பெருவிருப்புடையவர். கரையோரத்தின் வெப்பத்தாலும் காய்ச்சலாலும் வாடிய ஆங்கிலப் படைவீரர் உடல் தேறுவதற்கான ஓர் இளைப்பாறு நிலையத்தை அவர் இங்கு நிறுவினார். தமக்கென ஓர் இல்லமும் கட்டினார். இன்று கிராண்ட் ஹோட்டல் என்னும் பெயரால் நிற்கும் மாளிகை அவ்வில்லத்தினின்றும் வளர்ந்ததே. ஆகவே இந்நகரம் முதலில் நோயாளர் தங்குமிடமாகவே தோன்றியது எனலாம்.

அடுத்து வந்தவர் சாமுவேல் பேக்கர். பிற்காலத்தில் ஆபிரிக்காவில் நைல் நதியின் ஊற்றுகளைத் தேடிச் சென்று புகழ்பெற்றவர் இவரே. காய்ச்சலுற்று நலிந்திருந்தபோது நுவரெலியாவின் குளிர்காற்று தமக்கு உயிர் தந்தது கண்டு, 1848இல் உறவினரையும் தொழிலாளரையும் கால்நடைகளையும் விதைகளையும் இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்து, இங்கே ஓர் ஆங்கிலக் கிராமத்தையே நிறுவ முயன்றார். 1855இல் அவர் இலங்கையை விட்டு நீங்கினார். அவர் கண்ட கனவு முழுமை பெறவில்லை. எனினும் மேலைநாட்டு மரக்கறிப் பயிர்கள் இம்மண்ணில் வேரூன்றின. இன்று கோவா, கரட், லீக்ஸ், பீட்றூட் முதலியன நிரம்பிய லொறிகள் இம்மலைகளிலிருந்து இறங்குவதைக் காணும் எவரும் அத்தொடக்கத்தை மறுக்கமாட்டார்.

இவ்விடத்தில் நாம் சற்று நின்று, மலையகத்தின் கதையை உலக வரலாற்றோடு இணைத்து நோக்குதல் வேண்டும். அத்திலாந்திக் சமுத்திரத்தின் மறுகரையில், கரிபியன் கடலில், ஹெயிற்றி என்றொரு நாடு உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் அது பிரெஞ்சுக்காரரின் குடியேற்றம். சென் டொமிங் என்பது அதன் அக்காலப் பெயர். அதன் வடகரையில் உள்ள கப் ஹெயிசியன் என்னும் நகரம் அன்று செல்வத்தின் உறைவிடமாய் இருந்தது. உலகம் பருகிய கோப்பியில் ஏறத்தாழப் பாதி அக்குடியேற்றத்திலேயே விளைந்தது. விளைவித்தவர் ஆபிரிக்காவிலிருந்து பிடித்துக் கொணரப்பெற்ற அடிமைகள். அவர் தொகை ஐந்து லட்சத்தை எட்டியிருந்தது. 1791இல் அவ்வடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். அந்நகருக்கு அணித்தேயிருந்த ஒரு தோட்டத்தில் அடிமையாகப் பிறந்த துசேன் லுவெத்தியூர் அவர்களுக்குத் தலைவரானார். நெப்போலியனின் படையால் சிறைப்பிடிக்கப்பட்டு 1803இல் பிரான்சின் மலைக்கோட்டையொன்றில் அவர் மாண்டார். ஆயினும் 1804 ஜனவரி முதலாம் நாள் ஹெயிற்றி சுதந்திர நாடாயிற்று. அவர்தம் படைத்தலைவருள் ஒருவரான ஹென்றி கிறிஸ்தோப், நகரைப் பகைவரிடம் ஒப்படைப்பதிலும் எரிப்பதே மேலெனக் கருதி, 1802இல் கப் நகருக்குத் தீ மூட்டியவர். பின்னர் அவரே வடபகுதிக்கு மன்னராகி, மலைமுடியில் ஒரு மாபெருங் கோட்டையை எழுப்பினார். அதற்காகத் தம் மக்களையே கட்டாய வேலை வாங்கினார் என்பதும் வரலாற்றின் ஒரு கூறு.

இதற்கும் நம் மலைகளுக்கும் யாது தொடர்பு என்று நேயர்கள் வினவலாம். தொடர்பு உண்டு. ஹெயிற்றியில் கோப்பி குன்றியதும் பயிர் வேறு நாடுகளை நாடிற்று. பிரித்தானியப் பேரரசில் 1834இல் அடிமைமுறை ஒழிக்கப்பெற்று, 1838இல் இடைக்காலக் கட்டாய வேலையும் முடிவுற்றபின், ஜமேக்காவின் கோப்பித் தோட்டங்கள் தளர்ந்தன. 1835இல் இலங்கைக் கோப்பிக்கும் மேற்கிந்தியக் கோப்பிக்கும் இங்கிலாந்தில் ஒரே வரி விதிக்கப்பட்டது. முதலாளிகளின் பார்வை கண்டிச் சீமையின் மலைகள்மேல் விழுந்தது. ஜமேக்காவில் கோப்பிச் செய்கையைக் கற்றறிந்த றொபேட் போய்ட் டைற்லர் 1837இல் இலங்கை வந்து, மேற்கிந்திய முறையை இங்குப் பரப்பினார். அடிமைகள் இல்லாத இடத்தில் அம்முறைக்கு வேண்டிய கைகள் எங்கிருந்து வரும்? தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்களிலிருந்து வந்தன. ஆகவே நம் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளையை நோக்கி நடந்த அந்நெடும்பயணத்தின் பின்னணியில், கடல்கடந்த கரிபியத் தீவுகளின் விடுதலைக் கதையும் மறைந்திருக்கின்றது. ஓரிடத்தில் அறுந்த சங்கிலி வேறோரிடத்தில் வேறொரு வடிவில் கோக்கப்பட்டது.

எனினும் நுவரெலியா நகரம் கோப்பியால் வளர்ந்ததன்று. இவ்வுயரத்தின் குளிரைக் கோப்பிச் செடி பொறுக்காது. ஆதலின் கோப்பிக் காலம் முழுதும் இந்நகர் துரைமாரின் கோடைவாசத் தலமாகவே இருந்தது. 1861இல் அக்கலையில் தாவரத் தோட்டம் நிறுவப்பட்டது. காய்ச்சலுக்கு மருந்தான கொயினாவைத் தரும் சிங்கோனா மரத்தைச் சோதனையாய்ப் பயிரிடுதலே அதன் முதல் நோக்கம். 1873இல், தேசாதிபதி சேர் வில்லியம் கிறெகரியின் காலத்தில், நகருக்குக் கீழிருந்த சதுப்பு நிலம் ஏரியாக்கப்பட்டது. அவ்வேரி இன்றும் அவர் பெயரையே தாங்குகின்றது. 1876இல் ஹில் கிளப், 1889இல் கொல்வ் கழகம், 1897இல் அரசியாரின் வைரவிழாவையொட்டி விக்டோரியாப் பூங்கா என ஒவ்வொன்றாய் எழுந்தன.

இதற்கிடையே, 1869இல் கோப்பி இலைகளில் செம்மஞ்சள் நிறப் பொட்டுகளாய் ஒரு பூஞ்சண நோய் தோன்றிற்று. இருபதாண்டுகளுக்குள் அது கோப்பித் தொழிலைத் துடைத்தழித்தது. 1884இல் ஓரியண்டல் வங்கி முறிந்தது. தோட்டக்காரர் பலர் ஓட்டாண்டிகளாயினர். அப்போது கைகொடுத்தது, ஜேம்ஸ் டெய்லர் என்னும் ஸ்கொத்லாந்தர் 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் பயிரிட்டிருந்த தேயிலையே. கோப்பி வளராத உயரத்திலும் தேயிலை வளரும். அதுமட்டுமன்று, உயரம் கூடக்கூட அதன் மணமும் கூடும். நுவரெலியா, கந்தப்பளை, இராகலை, உடப்புசல்லாவை ஆகிய பகுதிகளின் காடுகள் வெட்டப்பட்டுத் தேயிலை மலைகளாயின. 1890களின் நடுவில் இலங்கையின் தேயிலைப் பரப்பு மூன்று லட்சம் ஏக்கரைக் கடந்தது.

பயிர் மாறியதால் மக்களின் வாழ்க்கையும் மாறிற்று என்பதை வரலாறு கற்போர் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். கோப்பிப் பழம் ஆண்டில் சில மாதங்களே பறிக்கப்படும். ஆகவே கோப்பிக் காலத்துத் தொழிலாளருள் பலர் பருவத்திற்கு வந்து, பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினர். தேயிலைக் கொழுந்தோ வாரத்திற்கொருமுறை, ஆண்டு முழுதும் கொய்யப்படவேண்டியது. அதற்குப் பெண்களின் விரல்கள் வேண்டும். எனவே குடும்பங்கள் வேண்டும். குடும்பங்களுக்கு லயங்கள் வேண்டும். இவ்வாறே தமிழர் இம்மலைகளில் நிலையான குடிகளாயினர். இங்கே பிறந்து, இங்கே மணந்து, இங்கேயே புதையுண்டனர். அவர்கள் வந்துபோகும் விருந்தினர் என்று பின்னாளிற் சொல்லப்பட்ட கூற்று, தேயிலைச் செடியின் இயல்பையே அறியாத கூற்றாகும்.

அவர்கள் அடிமைகள் என்று அழைக்கப்படவில்லை; ஆனால் கடன்பட்டவர்களாக இருந்தனர். ஊரை விட்டுப் புறப்படும்போதே பெரிய கங்காணியிடம் கடன் தொடங்கும். ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்திற்குச் செல்லவேண்டுமாயின் ‘துண்டு’ வேண்டும். தொழிலாளியின் கடன் இவ்வளவு, அதனைச் செலுத்துவோர் அவனைக் கொண்டுபோகலாம் என்று எழுதப்பெற்ற சீட்டே துண்டு. அம்முறை 1921இல்தான் ஒழிந்தது. குறைந்தபட்ச வேதனத்திற்கான சட்டம் 1927இல் வந்தது.

எங்கள் ஊராகிய உடப்புசல்லாவைக்கும் நுவரெலியாவுக்கும் உள்ள உறவைக் காட்டும் ஒரு செய்தியை இங்குக் கூறுதல் பொருந்தும். கொழும்பிலிருந்து வரும் பெரிய புகையிரதப் பாதை 1885இல் நானுஓயாவை அடைந்தது. அங்கிருந்து நுவரெலியாவரை 1903இலும், கந்தப்பளை வழியாக இராகலைவரை 1904இலும் ஒரு சிறு பாதை போடப்பட்டது. இரண்டரை அடி அகலமே உள்ள அப்பாதை, ஏறத்தாழ 6,300 அடி உயரம்வரை ஏறி இறங்கியது. இப்பக்கத்துத் தோட்டங்களின் தேயிலைப் பெட்டிகளை இறக்குவதும், அவற்றிற்கு வேண்டிய அரிசியையும் உரத்தையும் ஏற்றுவதுமே அதன் தலையாய பணி. அதற்கு உடப்புசல்லாவைப் பாதை என்று பெயர். ஆனால் அப்பாதை இராகலையோடு நின்றது. உடப்புசல்லாவையை ஒருநாளும் வந்தடையவில்லை. 1940இல் பயணிகள் சேவை நின்றது. 1948இல் பாதையே மூடப்பட்டது. பெயரைப் பெற்றும் பாதையைப் பெறாத ஊர் எங்களூர். இதற்கு நேர்மாறாக, அப்பாதையை நிரப்பிய தேயிலையைக் கொய்தவர் எவர் பெயரும் நகரின் எந்தக் குளத்திலும் எந்தப் பூங்காவிலும் இல்லை.

அவர்களிடையே பெயர் பெற்ற மாந்தர் தோன்றாமலில்லை. தஞ்சைச் சீமையிலிருந்து வந்த கோ. நடேசய்யர் 1920களில் பத்திரிகையாளராய்த் தம் பணியைத் தொடங்கினார். தோட்டங்களுக்குள் வெளியார் நுழையத் தடை இருந்த காலத்தில், புடைவை வியாபாரி வேடத்திற் சென்று தொழிலாளரின் நிலையைக் கண்டறிந்தார் என்பர். 1931இல் அட்டனில் தோட்டத் தொழிலாளர்க்கென ஒரு சம்மேளனத்தை நிறுவினார். அவர் துணைவியார் மீனாட்சியம்மாள், கூட்டங்களில் தாமே பாட்டிசைத்து மக்களை எழுப்பியவர். தொழிலாளர் நிலையைப் பாடும் பாடல்களை 1940இல் நூலாகவும் வெளியிட்டார். சட்டசபைக்கு அட்டன் தொகுதியிலிருந்து 1931இல் தெரிவான பெரி. சுந்தரம் தொழில், கைத்தொழில், வர்த்தக அமைச்சரானார். 1936இல் அதே தொகுதியில் நடேசய்யர் வென்றார்.

1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் ஊதிய உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்மீது பொலிஸார் சுட்டனர். கோவிந்தன் என்னும் தொழிலாளி மாண்டார். அமைச்சரும் தலைவரும் வரிசையாய் நிற்கும் இவ்வரலாற்றில், கொழுந்து மலையிலிருந்தே வந்து பெயரோடு நிலைத்தவர் அவர்.

1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் எழுவர் பாராளுமன்றம் சென்றனர். நுவரெலியாத் தொகுதியின் உறுப்பினரானவர் சௌமியமூர்த்தி தொண்டமான். 1913இல் தமிழ்நாட்டில் பிறந்த அவர், இறம்பொடையிலுள்ள வேவண்டன் தோட்டத்தில் வளர்ந்தவர். அயலிலுள்ள தலவாக்கலைத் தொகுதியில் வென்றவர் சி. வி. வேலுப்பிள்ளை. 1914இல் வட்டகொடை மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்த இவர், ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதிய கவிஞர். மலையக மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தேடித் தொகுத்தவர். 1984இல் அவர் மறையும்வரை அப்பணி ஓயவில்லை.

ஆனால் அவ்வெற்றி நெடுநாள் நிலைக்கவில்லை. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் மலையக மக்களிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1949இல் வாக்குரிமையும் பறிக்கப்பட்டது. 1946ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி இந்தியத் தமிழர் தொகை ஏறத்தாழ 7,80,000. நாட்டின் ஏற்றுமதியைத் தாங்கிய ஒரு சமுதாயம், அந்நாட்டின் வாக்காளர் இடாப்பிலிருந்து அகற்றப்பட்டது. 1964 ஒக்டோபரில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என இரு அரசுகளும் மக்களைப் பங்கிட்டன. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். ஒரே லயத்தில் அண்ணன் ஒரு நாட்டுக்கும் தம்பி ஒரு நாட்டுக்கும் உரியரான கொடுமையை அக்காலத்தவர் கண்டனர். சென்றவருள் பலர் நீலகிரியில் மீண்டும் தேயிலை மலைகளிலேயே வேலை பெற்றனர்.

1947இல் நுவரெலியா தெரிவுசெய்த தொண்டமான், மக்கள் தெரிவால் மீண்டும் பாராளுமன்றம் புகுந்தது 1977இல். நுவரெலியா–மஸ்கெலியாவின் மூன்றாம் உறுப்பினராக. இடையே முப்பதாண்டுகள் கழிந்திருந்தன. 1947இல் வாக்களித்த இளைஞன் 1977இல் பேரப்பிள்ளை கண்டிருப்பான். 1983 ஜூலையில் நகரின் தமிழர் கடைகள் தீக்கிரையாயின. 1988ஆம் ஆண்டுச் சட்டமும் 2003ஆம் ஆண்டுச் சட்டமும் எஞ்சிய நாடற்றோர்க்குப் பிரசாவுரிமை வழங்கின. கோப்பி நட்ட காலத்திலிருந்து எண்ணினால், இந்நாட்டின் குடிமக்கள் என்று சட்டம் அவர்களை முழுமையாக ஏற்றுக்கொள்ள ஏறத்தாழ நூற்றெழுபது ஆண்டுகள் சென்றன.

நேயர்களே, கப் ஹெயிசியன் நகரின் பெருமக்கள் யாவர் என்று அந்நாட்டுச் சிறுவனைக் கேட்டால், தோட்டத்தில் அடிமையாய்ப் பிறந்த துசேனின் பெயரைச் சொல்வான். நுவரெலியாவின் பெருமக்கள் யாவர் என்று நம் சிறுவரைக் கேட்டால் பான்ஸ், பேக்கர், கிறெகரி என்பர். அவர் நினைவும் இருக்கட்டும். ஏரியை ஆக்குவித்த தேசாதிபதியை மறத்தல் வேண்டுவதில்லை. ஆனால் சதுப்பில் இறங்கி மண் சுமந்தவரை நினையாத வரலாறு குறைவரலாறே. அவர்களைப் பற்றிய ஏடுகள் எங்கே என்று சிலர் கேட்பர். தோட்டத்துச் செக்றோல் புத்தகங்களில் அவர் பெயர்கள் இருந்தன. கோயில் திருப்பணிப் பலகைகளிலும், பிறப்பு இறப்புப் பதிவுகளிலும், பாடசாலைச் சேர்வு இடாப்புகளிலும் இன்றும் உள்ளன. சேர்வு இடாப்பின் ஒரு வரியில் பிள்ளையின் பெயர், தந்தையின் பெயர், தோட்டத்தின் பெயர், பிறந்த நாள் ஆகியன இருக்கும். அத்தகைய நூறு வரிகளைச் சேர்த்தால், ஒரு மலையில் எத்தனை தலைமுறை வாழ்ந்தது, எந்த ஆண்டில் எத்தனை பிள்ளைகள் திடீரெனப் பாடசாலையை விட்டு நீங்கி இந்தியா சென்றனர் என்பன தெளிவாகும். அரசினர் பாடசாலை அதிபர் ஒருவரின் கையில் நாள்தோறும் இருக்கும் அவ்விடாப்பு, எந்தத் தேசாதிபதியின் அறிக்கைக்கும் குறைந்த வரலாற்றுச் சான்றன்று.

ஆகவே மலைநாட்டு ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் ஒன்று சொல்வேன். பழைய இடாப்புகளை எரிக்கவேண்டாம். கரையான் அரிக்க விடவும் வேண்டாம். தங்கள் தோட்டத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயரும் தமிழ் வழக்கில் ஒரு பெயரும் இருப்பின், இரண்டையும் எழுதி வையுங்கள். துண்டு, தலைக்காசு, பிரட்டு முதலிய சொற்களின் பொருளறிந்த பாட்டனாரும் பாட்டியாரும் உள்ள வீடுகளில், அவர்கள் சொல்வதை அவர்கள் சொற்களிலேயே குறித்துக்கொள்ளுங்கள். எந்த ஊரிலிருந்து வந்தனர், எந்தக் கங்காணியின் கீழ் வந்தனர், முதலில் எந்த மலையில் பேர் பதிந்தனர் என்று கேளுங்கள். விடையறிந்தவர் தொகை ஆண்டுதோறும் குறைந்து வருகின்றது. இவ்வாண்டு கேட்கக்கூடிய வினாவை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்கவேண்டாம்.